இரண்டாம் பாதியில் வெளிவந்த தேசிக்காய்

கோல் கம்பத்தின் அடியில் தேசிக்காயை, அந்த எலுமிச்சையை, புதைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லி வாசிப்பவர்களைத் திடுக்கிட வைக்கும் எண்ணம் எனக்கில்லை. திடுக்கிட்டதெல்லாம் நான்தான், அதுவும் ஒரு மாதத்துக்கு மேல், ஒவ்வொரு நாளும்.

கிளிநொச்சியில் எனக்கு ஒரு ஹாட்வெயார் கடை இருக்கிறது. சீமெந்து, கம்பி, ஆணி, பெயின்ற், தண்ணீர்க் குழாய். இவற்றோடு ஓர் உதைபந்தாட்ட அணியும் இருக்கிறது என்றால் தெரியாதவர்கள் சிரிப்பார்கள். வன்னி ஊர்களைச் சேர்த்து ஒரு லீக் தொடங்கியபோது, ஒவ்வோர் அணிக்கும் ஓர் உரிமையாளர் வேண்டும் என்றார்கள். கனடாவில் இருக்கும் என் தம்பி ஆசைப்பட்டு ஓர் அணியை எடுத்தான். முதல் பருவம் முடிவதற்குள் ஆசை ஆறிவிட்டது. "கொஞ்ச நாளைக்கு நீங்க பாருங்கோ அக்கா" என்று வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பினான். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

உரிமையாளர்கள் கூட்டத்தில் ஏழு ஆண்களும் நானும் இருப்போம். நான் கல்யாணம் செய்யாதவள், ஐம்பதைத் தாண்டியவள், வாய் நீளமானவள். கடை வாசலை மறித்து லொறியை நிறுத்துகிறவனுக்கு நான் ஏசுவது வீதியின் மறுகரையில் கேட்கும் என்பார்கள். அதனால் எனக்குப் பயமே கிடையாது என்று ஊரில் ஒரு பெயர். எதற்கெடுத்தாலும் எனக்கு முதலில் வருவது பயம். அது வெளியே தெரியாமலிருக்கத்தான் இந்தச் சத்தமெல்லாம். இதை ஊருக்குச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன்.

எங்கள் அணியின் கோல் காப்பாளன் ஜெயபுரத்தைச் சேர்ந்த மேசன். இருபத்தேழு வயது. என் கடையில்தான் சீமெந்து ஏற்றுவான். மற்றவர்கள் ஓடி வியர்த்துக்கொண்டிருக்க, இவன் கோலுக்குள் நின்று ஓயாமல் கதைத்துக்கொண்டிருப்பான்; பந்தோடும் கதைப்பான். அந்த வருடம் கொழும்பில் ஒரு திணைக்களத்தின் அணி இவனைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. மூன்று மாதத்தில் தெரிவு. தெரிவானால் அந்தத் திணைக்களத்திலேயே நிரந்தர வேலை, ஓய்வூதியம் எல்லாம். அடுத்த வருடம் வயதெல்லை தாண்டிவிடும். கொண்டுபோக வேண்டியது ஒன்றேதான்: இவன்மேல் எந்தத் தண்டனையும் இல்லை என்று லீக் தரும் கடிதம்.

காலிறுதியில் எதிரணிக்காரன் ஒருவனின் முழங்கால் பட்டு இவனுடைய புருவம் பிளந்தது. ஐந்து தையல். அந்த இரத்தத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. இன்னும் ஓர் ஆட்டம், அல்லது இரண்டு. அதற்குள் கையோ காலோ முறிந்தால் இவனுடைய சீவியம் முழுவதும் சாந்து குழைப்பதிலேயே போய்விடும். வெள்ளிக்கிழமை அம்மன் கோவிலுக்குப் போய்ப் பூசாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அம்மன் காலடியில் வைத்த தேசிக்காய் ஒன்றை விபூதி குங்குமத்தோடு மஞ்சள் துணியில் முடிந்து தந்தார்.

"வாசலில வையுங்கோ, காவலா இருக்கும்" என்றார்.

அரையிறுதி ஞாயிற்றுக்கிழமை. கோடு போடுகிற சுண்ணாம்புத் தூள் என் கடையிலிருந்துதான் போவது வழக்கம். அன்று காலையில் நானே ஓட்டோவில் கொண்டுபோனேன். மைதானத்தில் கோடு போடுகிறவர்கள் நடுவட்டத்தில் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பாடசாலை மதில் பக்கத்துக் கோலுக்குப் பின்னால் போய், சாந்து பூசும் கரண்டியால் ஒரு சாண் ஆழம் கிண்டி, முடிச்சை வைத்து மூடி, மேலே சுண்ணாம்பையும் கொஞ்சம் தூவிவிட்டேன். எங்கள் பெடியள் வழக்கமாக முதலில் அந்தப் பக்கம்தான் நிற்பார்கள்.

பாதி ஆட்டத்துக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும். இது எனக்குத் தெரியாததல்ல. இரண்டு வருடமாகப் பார்க்கிற ஆட்டம். ஆனால் வீட்டுக்கு ஒரு வாசல், கடைக்கு ஒரு வாசல். தேசிக்காயை வாசலில் வைத்துப் பழகிய கை, கோலையும் ஒரு வாசலாக நினைத்துவிட்டது. வாசல் கைமாறும் என்று அந்தக் காலையில் எனக்குத் தோன்றவே இல்லை. இப்படி ஒரு மடத்தனத்தை வேறு எந்த நாட்டு அணி உரிமையாளரும் செய்திருக்கமாட்டார்.

முதல் பாதியில் எங்களுடையவன் நான்கு பந்துகளைப் பிடித்தான். அம்மனே என்று நான் கதிரை நுனியில் இருந்து கைகூப்பினேன். இடைவேளை முடிந்து, முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த அணியின் கோல் காப்பாளன் அந்தக் கோலை நோக்கி நடந்துபோய், கழுத்துச் சிலுவையைத் தொட்டு முத்தமிட்டுவிட்டுக் கம்பங்களுக்கிடையில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. எழுந்து ஓடிப்போய்க் கிண்டி எடுக்கவா முடியும்?

பதினைந்து நிமிடம் இருக்கும். எங்கள் பெடியன் ஒருவன் அடித்த பந்துக்கு அவன் பக்கவாட்டில் பாய்ந்தான். பந்து வெளியே போனது. அவன் கை கம்பத்தில் அடித்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அவன் எழும்ப முயன்றபோது சப்பாத்துக் கிளறிய மண்ணிலிருந்து மஞ்சள் முடிச்சு மேலே வந்தது. அவனே அதை இடக்கையால் எடுத்துப் பிரித்தான். குங்குமம் பூசிய தேசிக்காயைப் பார்த்ததும் அவன் அலறிய அலறல், மணிக்கட்டு முறிந்ததற்கு அலறியதைவிடப் பெரிது.

செய்வினை என்ற சொல் மைதானத்தைச் சுற்றிவர அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்தினார். ஆட்கள் கோலுக்குள் ஓடினார்கள். முதல் பாதி முழுவதும் அந்த இடத்தில் நின்றவன் யார்? எங்களுடையவன். யாரோ எடுத்த தொலைபேசி வீடியோவில் அவன் கம்பத்தடியில் சப்பாத்தால் மண்ணைக் கிளறுவது தெரிந்தது. எல்லாக் கோல் காப்பாளர்களும் தங்களுக்கு ஓர் அடையாளத்துக்காகச் செய்வதுதான் அது. ஆனால் அன்று அதைக் கேட்க ஒருவரும் தயாராக இருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. ஆட்டம் எதிரணிக்கு. எங்கள் கோல் காப்பாளனுக்கு இரண்டு வருடத் தடை. பத்து நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம்.

அன்று மத்தியானம் எங்கள் பயிற்றுநர் கடைக்கு வந்தார். விளையாட்டு ஆசிரியர், மெதுவாகக் கதைக்கிற மனிதர். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"அக்கா, கத்தாதேங்கோ. முதல்ல எங்கட பக்கத்தில ஆரும் வைச்சதோ எண்டு நாங்களே விசாரிப்பம். பேந்து, எங்களுக்குக் காலம் தாங்கோ, முழு வீடியோவைத் தாங்கோ எண்டு மரியாதையாக் கேப்பம். மற்ற அணியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. அந்தப் பெடியன் கை முறிஞ்சு கிடக்கிறான்."

ஓர் அணி உரிமையாளர் செய்யவேண்டியது அவ்வளவும் அதற்குள் இருந்தது. இன்று யாராவது என்னிடம் வந்து, லீக் அநியாயமாகத் தண்டித்துவிட்டது, என்ன செய்வது என்று கேட்டால் நானும் அதையேதான் சொல்வேன். முதலில் உன் வீட்டுக்குள் கேள். ஆனால் எனக்குக் கேட்க என்ன இருந்தது? விசாரணை என்று ஒன்று தொடங்கினால், சுண்ணாம்பு கொண்டுவந்தது யார், காலையில் கோலுக்குப் பின்னால் குனிந்து நின்றது யார் என்று நேரே என்னிடம்தான் வந்து நிற்கும். சத்தம் போட்டால் விசாரணை வராது, சண்டை வரும். சண்டை எனக்குப் பழக்கம்.

"எங்கட பிள்ளையை நாங்களே விசாரிக்கிறதோ? நீங்கள் ஆற்றை ஆள், அவையின்ர ஆளோ?" என்று அவருக்கு ஏசினேன். பாவம், எழும்பிப் போய்விட்டார்.

பிறகு நான் செய்தவை இவை. மேன்முறையீட்டுக் கடிதத்தை நானே எழுதினேன். எமது அணியைச் சேர்ந்த எவரும் அதை வைக்கவில்லை என்று நான் வணங்கும் அம்மன்மேல் ஆணையாகக் கூறுகிறேன் என்று அதில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கடை வாசலில் நின்று முகநூலில் ஒரு வீடியோ போட்டேன். தோற்றுவிடுவோம் என்ற பயத்தில் அந்தக் கரைப்பக்கத்துக் காப்பாளனே கொண்டுவந்து வைத்துவிட்டு நடிக்கிறான் என்று சொன்னேன். மல்லாவியிலிருந்தும் மாங்குளத்திலிருந்தும் ஆட்கள் அழைத்து, உரிமையாளர் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்றார்கள்.

ஒவ்வொரு பாராட்டுக்கும் என் பயம் ஒரு பிடி கூடியது. அம்மன்மேல் பொய்யாணை இட்டவள் நான். கோவில் வீதியால் போகாமல் பின்ஒழுங்கையால் கடைக்குப் போகத் தொடங்கினேன். காவலுக்கென்று வைத்த தேசிக்காய் ஒருவனுடைய கையை முறித்ததா, இல்லை அவன் தானாகவே அடிபட்டானா என்று யோசித்து யோசித்துச் சோறு இறங்கவில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஆண் ஒருவன் தேசிக்காய் வைத்தால் இரண்டு வருடத் தடையோடு போய்விடும். தனியாக இருக்கிற, வாய் நீளமான ஒரு பொம்பிளை வைத்தால் அவளுக்குச் சூனியக்காரி என்று பெயர் வரும். அந்தப் பெயருக்கு வருடக் கணக்கு இல்லை. அதற்குப் பிறகு யார் என் கடையில் வீடு கட்டச் சாமான் வாங்குவார்கள்?

இதற்கிடையில் எங்களுடையவன் இரண்டு நாளுக்கொருமுறை வந்து கேட்பான்.

"அக்கா, கடிதம் கிடைக்குமோ? கொழும்புக்குப் போகலாமோ?"

"நான் இருக்கிறன், நீ ஏன் பயப்பிடுறாய்?" என்பேன்.

வீடியோ போட்டு ஒரு வாரம் இருக்கும். ஒரு முற்பகல் கடை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னாலிருந்து இறங்கியவன் கையில் பிளாஸ்டர். கரைப்பக்கத்துக் கோல் காப்பாளன். கல்லாவை இழுத்துப் பூட்டினேன். பின்னால் வான் வண்டியில் ஆட்கள் வருகிறார்களா என்று வீதியைப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. ஓட்டிவந்தவனும் வெளியேயே நின்றான்.

அவன் கடைக்குள் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"அக்கா, நான்தான் வைச்சனான் எண்டு நீங்க சொன்ன வீடியோவை என்ர அம்மாவும் பாத்தவா. அவா மாதா கோயிலுக்குப் போகேலாம இருக்கிறா. சனம் கேக்குதாம். நான் கடலுக்குப் போய் வலை இழுக்கிற ஆள். என்ர கையை நானே முறிப்பனோ?"

நான் பில் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன்.

"உங்கட பெடியன்தான் வைச்சவன் எண்டும் நான் சொல்லேல்ல. ஆர் வைச்சதெண்டு எனக்குத் தெரியாது. நான் வைக்கேல்ல. அதை மட்டும் சொல்லிப்போட்டுப் போவம் எண்டு வந்தனான்" என்றான். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அவன் ஏசியிருந்தால் நானும் ஏசித் தப்பியிருப்பேன். அன்று பின்னேரம் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு, மேன்முறையீட்டில் உண்மையைச் சொல்வதென்று முடிவெடுத்தேன். பெயர் வந்தால் வரட்டும், கடை போனால் போகட்டும். எங்களுடையவனுக்குக் கடிதம் கிடைக்கவேண்டும். அப்படி நினைத்த நிமிடத்திலிருந்து விசாரணை நாள் வரைக்கும் எனக்கு வயிற்றோட்டம். தைரியம் வந்தால் உடம்பு இலேசாகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை.

சனிக்கிழமை காலை, லீக் கட்டடத்தின் சின்ன மண்டபம். ஒழுக்காற்றுக் குழுவில் ஐந்து ஆண்கள். தலைவர் ஓய்வுபெற்ற அதிபர். அவர்களுக்கு முன்னால் பயிற்றுநரும் நானும், கழுவி அயன் பண்ணிய வெள்ளைச் சேட்டோடு எங்கள் காப்பாளனும். தலைவர் தொடங்குவதற்கு முன்னாலேயே நான் எழும்பினேன். கதிரை முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"சேர், தேசிக்காயை வைச்சது நான். இவனுக்கு ஒண்டும் தெரியாது. இவனுக்குக் காவலா இருக்கட்டும் எண்டு வைச்சனான். பக்கம் மாறும் எண்டு யோசிக்கேல்ல. தடையை எனக்குப் போடுங்கோ."

நான் சூனியக்காரி என்ற சொல்லுக்காகக் காத்து நின்றேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் கடிதத்தை எடுத்து, அம்மன்மேல் ஆணை என்ற இடத்தை வாசித்தார்.

"இது உங்கட கையெழுத்துத்தானே?"

"ஓம் சேர். அது பொய்."

"அம்மன்மேல சத்தியம் பண்ணிப் பொய் சொல்லுற ஆள் நீங்கள் இல்லை. அது இந்தக் கிளிநொச்சிக்கே தெரியும்."

இன்னொருவர், "எந்தக் கம்பத்தடியில வைச்சனீங்கள்?" என்று கேட்டார். வலப்பக்கம் என்றேன். நான் கோலுக்குப் பின்னால் நின்று கிண்டியவள். என் வலம் அது. முடிச்சு எடுத்தது, மைதானத்திலிருந்து பார்க்க, இடப்பக்கக் கம்பத்தடியில் என்று அவர் கோப்பில் இருந்தது. அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பல்ல, இரக்கச் சிரிப்பு.

"இருங்கோ அக்கா," என்றார் தலைவர். "எங்களுக்கு விளங்குது. தன்ர பிள்ளைக்கு ஒண்டெண்டா ஒரு தாய் எந்தப் பழியையும் தலையில போடுவா. நீங்கள் பெறாத பிள்ளைக்குச் செய்யிறியள். இப்பிடி ஒரு உரிமையாளர் எங்கட லீக்கில இருக்கிறது எங்களுக்குப் பெருமை."

ஓர் ஓரத்திலிருந்து ஒருவர் கைதட்டினார். பயிற்றுநர் கண்ணைத் துடைத்தார். நான் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சுண்ணாம்பு ஏற்றிய ஓட்டோக்காரனைக் கேளுங்கள், பூசாரியைக் கேளுங்கள் என்று கத்தியிருக்கலாம். கத்துவதுதானே என் தொழில். ஆனால் காலிறுதிக்குப் பிறகு முதல்முறையாக என் பயம் விட்டிருந்தது. அந்தச் சுகத்தை விட எனக்கு மனம் வரவில்லை. கதிரையில் இருந்தேன்.

என் நல்ல மனதுக்காக, இரண்டு வருடத் தடையை ஒரு வருடமாகக் குறைத்தார்கள். தெரிவுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது.

வெளியே வந்து மரநிழலில் மோட்டார் சைக்கிளடியில் நின்றோம். பயிற்றுநர் போய்விட்டார். எங்களுடையவன் தலைக்கவசத்தைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டு நின்றான். பிறகு நேரே என் முகத்தைப் பார்த்தான்.

"அக்கா, என்னட்ட உண்மையைச் சொல்லுங்கோ. நான் வைக்கேல்ல எண்டு எனக்குத் தெரியும். நீங்கள்தான் வைச்சதோ?"

ஐந்து பேருக்கு முன்னால் சொன்னதை ஒருவனிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவுதான். அவன் புருவத்தில் தையல் போட்ட இடம் இன்னும் சிவப்பாக இருந்தது. அந்த ஐந்து பேரும் என்னைச் சூனியக்காரி என்று சொல்வார்கள் என்றுதான் பயந்தேன். இவன் ஒன்றும் சொல்லமாட்டான். பேசாமல் போய்விடுவான், இனிமேல் என் கடைக்கு வரமாட்டான். அது எனக்கு அந்தச் சொல்லைவிடப் பயமாக இருந்தது.

"உனக்கென்ன விசரே?" என்றேன். "உனக்காகத்தானே சொன்னனான்."

அவன் அழத் தொடங்கினான். வளர்ந்த ஆம்பிளை, வீதியோரம் என்றும் பார்க்காமல் அழுதான். குனிந்து என் காலைத் தொட்டான். நான் காலை இழுக்கவில்லை.

"நீங்கள் இனி இதை எங்கயும் சொல்லாதேங்கோ அக்கா," என்றான். "சனம் உங்களைத்தான் செய்வினை செய்தவா எண்டு கதைக்கும். உங்களுக்கு அந்தப் பேர் வரக்கூடாது. எனக்குத் தடை வந்திட்டுது தானே, இனி என்ன? ஆர் கேட்டாலும் நான்தான் வைச்சனான் எண்டு சொல்லுறன்."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். மத்தியான வெயில், எனக்குத் தலை சுற்றுகிறது, கடைக்குப் போகவேண்டும் என்று சொன்னேன். அவன் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் மெதுவாகக் கடை வாசலில் இறக்கிவிட்டான்.

கொழும்பில் தெரிவு நடந்த திங்கட்கிழமையை நான் மறக்கவில்லை. அன்று முழுவதும் அவன் வரவில்லை. அடுத்த நாள் காலையில் சீமெந்து ஏற்ற வந்தான். முகம் தெளிவாக இருந்தது.

"நேற்று முல்லைத்தீவுக்குப் போனனான் அக்கா. வீட்டில சும்மா இருந்தா அந்த நினைப்புத்தான் வரும் எண்டு போட்டு, பஸ் எடுத்து அந்தக் கீப்பரிட்டப் போனன்."

நான் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் வைச்சனான், மன்னிச்சுக்கொள் எண்டு சொன்னன். அவன்ர கை பொருந்திட்டுதாம், ஆனா வலை இழுக்கேக்க இன்னும் நோகுதாம். பேந்து தோளில தட்டி, வா, சாப்பிட்டிட்டுப் போ எண்டு கூட்டிக்கொண்டு போனான். தாய்தான் மீன்குழம்போட சோறு போட்டவா. மன்னிச்சிட்டினம் அக்கா."

"நல்லம்," என்றேன். தராசிலிருந்து இரண்டு ஆணியை எடுத்துவிட்டு, திரும்பவும் போட்டேன். "எத்தினை பை சீமெந்து வேணும்?"